மூளை முடக்குவாதம் உள்ளவரின் தமிழ்ப் பேச்சைப் புரிந்துகொள்ளும் மென்பொருள் உண்டா?

கேள்வி: பள்ளத்தூர்த் தம்பி

அனைவருக்கும் வணக்கம். என் ஆச்சிக்கு, அதாவது என் மூத்த சகோதரிக்கு, பிறவியிலேயே மூளை முடக்குவாதம் உண்டு. எங்கள் ஆத்தா தொடங்கிய பலகாரத் தொழிலில் ஆர்டர் எடுப்பது, கணக்கு வைப்பது, எந்தப் பலகாரத்திற்கு எந்த நாளில் மாவு அரைக்க வேண்டும் என்று திட்டமிடுவது ஆகிய எல்லாம் அவர் பொறுப்பு. தீபாவளிக்கும் கல்யாண மாதங்களிலும் ஆர்டர்கள் குவியும்போது கூட, யாருக்கு எத்தனை கிலோ சீப்புச் சீடை என்பதை அவரைக் கேட்டால்தான் தெரியும். விரல்கள் இறுகிக்கொள்வதால் கைப்பேசியில் தட்டச்சு செய்வது அவருக்குப் பெரும் பாடு. அவருடைய பேச்சு எங்களுக்கு முழுதாகப் புரியும். ஆனால் வெளியூர் வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் கேட்டால் பாதிக்கு மேல் பிடிபடுவதில்லை.

கைப்பேசியில் உள்ள தமிழ்க் குரல்வழித் தட்டச்சை முயன்று பார்த்தோம். "தேன்குழல் அஞ்சு கிலோ" என்று அவர் சொன்னால் அது "ஏன் குரல்" என்று எழுதி நின்றுவிடுகிறது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் மூச்செடுக்க அவருக்குச் சற்று நேரம் தேவை. அதற்குள் பேச்சு முடிந்துவிட்டதென்று கருதிக் கைப்பேசி கேட்பதை நிறுத்திக்கொள்கிறது. என் பேச்சிலேயே மணகோலம் என்ற பலகாரத்தை மணக்கோலம் என்று எழுதும் கருவியிடம் இதைவிட அதிகம் எதிர்பார்க்கலாமா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

ஒருவருடைய குரலைத் தனியாகப் பழகிக்கொள்ளும் செயலியைக் கூகுள் உருவாக்கியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது தமிழுக்குப் பயன்படுமா? இல்லையென்றால், கணினி ஓரளவு தெரிந்த ஒருவர் வீட்டிலேயே ஏதேனும் செய்துகொள்ள வழி உண்டா? ஆச்சி ஒரு நிபந்தனையும் சொல்லி எழுதச் சொன்னார். வாடிக்கையாளருக்குப் போகும் செய்தியை இடையில் நானோ ஆத்தாவோ கேட்டுத் திருத்தி அனுப்பும் ஏற்பாடு இனி வேண்டாம், தாம் சொன்னது தம் பெயரிலேயே நேராகப் போக வேண்டும் என்கிறார்.

மறுமொழி 1: தேவகோட்டையான்

தம்பி, நான் தேவகோட்டைக்காரன். சென்னையில் பேச்சுணர் மென்பொருள் துறையில் பணியாற்றுகிறேன். தங்கள் ஆச்சியின் நிபந்தனை நியாயமானது என்பதோடு, தீர்வு எப்படி அமைய வேண்டும் என்பதையும் அதுவே பெருமளவு முடிவு செய்துவிடுகிறது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கூகுள் பற்றி. யூஃபோனியா என்ற ஆய்வுத் திட்டத்தை அந்நிறுவனம் 2019இல் அறிவித்தது. அதன் தொடர்ச்சியாக 2021 நவம்பரில் ரிலேட் என்ற செயலியின் சோதனைப் பதிப்பு வந்தது. 500 தொடர்களைப் பேசிப் பதிவு செய்து கொடுத்தால், அந்த ஒருவரின் குரலுக்கேற்ப அது தன்னை அமைத்துக்கொள்ளும். ஆனால் அது ஆங்கிலம் பேசுவோருக்காகத் தொடங்கப்பட்டது. தமிழ் ஆர்டர்களுக்கு அதை நம்பித் திட்டமிட வேண்டாம். இருந்தாலும் அந்த ஆய்விலிருந்து நமக்குப் பயன்படும் ஒரு முடிவு உண்டு. பொதுவான பேச்சுணர் மென்பொருளை ஒருவரின் குரலுக்குப் பழக்கும்போது கிடைக்கும் முன்னேற்றத்தில் 71 விழுக்காடு, வெறும் 5 நிமிடப் பதிவிலேயே கிடைத்துவிட்டதாக 2019இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை காட்டியது. அதாவது, மணிக்கணக்கில் ஆச்சியை உட்காரவைத்துப் பேசவைக்க வேண்டிய தேவை இல்லை. கொஞ்சமாக இருந்தாலும் அவருடைய குரலாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம்.

பொதுக் கருவி தோற்றுப்போவதற்குக் காரணம் அவர் பேச்சில் ஒழுங்கு இல்லாதது அன்று. அவர் பேச்சுக்கென்று ஓர் ஒழுங்கு இருப்பதால்தான் வீட்டில் உள்ள உங்களுக்குப் புரிகிறது. கைப்பேசி அந்த ஒழுங்கை ஒருபோதும் கேட்டதில்லை. போதாததற்கு, கேட்ட ஒலி தெளிவில்லாதபோது தமிழில் அடிக்கடி வரும் சொற்களின் பக்கம் சாய்ந்து எழுதும் இயல்பும் அதற்கு உண்டு. தேன்குழலை அறியாத கருவி, தான் அறிந்த "ஏன்", "குரல்" ஆகிய இரண்டையும் எடுத்துப் போட்டுவிட்டது.

ஆகவே என் பரிந்துரை இது. எதைப் பேசினாலும் எழுதித் தரும் கருவியை இப்போது தேட வேண்டாம். ஆச்சியின் வேலைக்குத் தேவையான சொற்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பலகாரப் பெயர்கள், எடை, எண்கள், "நாளைக்கு", "பணம் வந்துவிட்டது", "தயாராகிவிட்டது" போன்ற சில தொடர்கள் என்று கூட்டினாலும் நூறைத் தாண்டுவது அரிது. அந்த நூறுக்குள் எது என்று மட்டும் கண்டுபிடிக்கும் கருவியை வீட்டிலேயே செய்ய முடியும். ஒவ்வொரு சொல்லையும் அவர் சில தடவை பேசிய பதிவை மாதிரியாக வைத்துக்கொண்டு, புதிதாகச் சொன்னதை அவற்றோடு ஒப்பிட்டு மிக நெருங்கியதைத் தேர்ந்தெடுக்கும் முறை இது. நீட்டிச் சொன்னாலும் சுருக்கிச் சொன்னாலும் கால அளவை வளைத்து ஒப்பிடும் கணக்கீட்டைச் சகோயே, சிபா என்ற இரு ஜப்பானியர்கள் 1978இலேயே செம்மைப்படுத்திவிட்டார்கள். மெதுவாகவும் சீரற்ற வேகத்திலும் பேசுபவருக்கு அது இன்றும் பொருந்தும், மொழி எதுவாக இருந்தாலும் கவலையில்லை. ஒப்பிடுவதற்கு வெறும் ஒலி அளவுகளை எடுக்காமல், சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு இலவசமாக வெளியிட்டுள்ள தமிழ்ப் பேச்சுணர் மென்பொருள்கள் வழியாக ஒலியைக் கடத்தி எடுத்தால் துல்லியம் நன்றாகக் கூடும்.

முழு வாக்கியங்களை எழுதித் தர வேண்டுமென்றால், 2022 செப்டம்பரில் வெளியான விஸ்பர் போன்ற திறந்த மென்பொருளை அவர் குரலுக்குப் பழக்கலாம். தமிழும் அதில் உண்டு. ஆனால் அதில் ஓர் அபாயத்தை நான் பெரிதாகக் கருதுகிறேன். பேச்சில் நீண்ட இடைவெளி வந்தால் அது சொல்லாத வாக்கியங்களைத் தானாகவே எழுதிவிடக்கூடும். 2024இல் வெளியான ஓர் ஆய்வு, சுமார் 1 விழுக்காடு ஒலித்துண்டுகளில் இப்படி நேர்ந்ததையும், பேச்சிழப்பு (மூளை பாதிப்பால் சொற்கள் எளிதில் வராத நிலை) உள்ளவர்களின் பதிவுகளில் இது கூடுதலாக இருந்ததையும் காட்டியது. பிழை கண்ணுக்குத் தெரிந்தால் திருத்தலாம். சரளமான, இலக்கணச் சுத்தமான பொய் வாக்கியம் வாடிக்கையாளருக்குப் போய்ச் சேர்ந்தால் ஆச்சி சொல்லாததற்கு ஆச்சி பொறுப்பாவார். நூறு சொற்களுக்குள் தேர்ந்தெடுக்கும் கருவி அந்தப் பட்டியலில் இல்லாத எதையும் எழுத முடியாது.

மறுமொழி 2: காரைக்குடிப் பேச்சுப் பயிற்சியாளர்

தேவகோட்டை நண்பர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். பேச்சுப் பயிற்சியாளர் என்ற முறையில், பதிவு செய்யும் விதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியவை எனக்கு நிறைய இருக்கின்றன.

தங்கள் சகோதரிக்கு இருப்பது டிஸார்த்ரியா என்று நாங்கள் சொல்லும் நிலையாக இருக்கலாம். மொழியறிவில் குறை எதுவும் இராது. உதடு, நாக்கு, மேலண்ணம், குரல்வளை, மூச்சு ஆகியவற்றை இயக்கும் தசைகளுக்கு மூளையிலிருந்து போகும் கட்டளை சீராகச் சென்றடைவதில்லை, அவ்வளவுதான். தமிழில் ல, ள, ழ ஆகிய மூன்றுக்கும் நாக்கின் நுனி வெவ்வேறு இடத்திற்குப் போக வேண்டும். அந்த நுண்மை கைகூடாதபோது மூன்றும் ஒன்றாகிவிடும். இன்னொரு பக்கம், குரலை உரிய கணத்தில் நிறுத்தித் தொடங்க இயலாமல் ப என்பது ஆங்கில B போல ஒலிப்பதும் இவர்களிடம் சாதாரணம். ஆங்கிலத்தில் இதனால் சொல்லே மாறிப்போகும். தமிழில் இரண்டிற்கும் ஒரே எழுத்து என்பதால் பெரிய நட்டமில்லை. தமிழுக்கென்று தனியாகப் பதிவுகள் வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

பதிவின்போது குடும்பத்தினர் அன்பு மிகுதியால் ஒரு காரியம் செய்வார்கள். "இன்னும் கொஞ்சம் தெளிவாகச் சொல்லுங்கள்" என்று பக்கத்தில் உட்கார்ந்து ஊக்குவிப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். முயன்று வரவழைத்த குரலில் பதிவு செய்தால் கருவி அந்தக் குரலைத்தான் கற்றுக்கொள்ளும். அடுப்படியில் நாற்பது வேலைகளுக்கு நடுவே அவர் இயல்பாகச் சொல்லும்போது அது மீண்டும் கைவிரித்துவிடும். காலையில் கொஞ்சம், களைத்துப் போயிருக்கும் மாலையில் கொஞ்சம் என்று பிரித்துப் பதிவு செய்யுங்கள். மூளை முடக்குவாதம் உள்ளவர்களின் குரல் களைப்பிலும் பதற்றத்திலும் மாறும் அளவு, மற்றவர்களுடையதைவிட மிக அதிகம். முதுகும் பாதமும் நன்றாகத் தாங்கப்பட்டு உட்கார்ந்தால் மூச்சு நீளும், அதனால் இடைவெளிகள் குறையும்.

சொற்களை அவரே தேர்ந்தெடுக்கட்டும். "வேண்டும்", "வேண்டாம்" இரண்டையும் பட்டியலில் சேர்க்காதீர்கள். பேச்சில் "வேணும்", "வேணாம்" என்று வரும்போது இரண்டையும் பிரித்துக் காட்டுவது கடைசி அசையில் உள்ள ஓர் உயிரொலி மட்டுமே. நெடிலை நீட்ட முடியாதவரிடம் அதுவும் மறைந்துவிடும், ஆர்டர் தலைகீழாகிவிடும். "சரி" என்றும் "ரத்து" என்றும் வைத்துக்கொண்டால் அந்தச் சிக்கல் இல்லை. சொல்லின் பொருளைவிட அவர் வாயில் அது எப்படி வருகிறது என்பதைக் கேட்டே முடிவு செய்யுங்கள். பலகாரத்தின் பெயரைத்தான் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அவருக்கு எளிதாக வரும் ஏதேனும் ஓர் ஒலியைத் தேன்குழலுக்கு என்று ஒதுக்கிக்கொள்ள அவர் விரும்பினால் அப்படியும் செய்யலாம். ஆப்பிள் கைப்பேசிகளில் 2024இல் சேர்த்த குரல் குறுக்குவழி வசதியும் ஏறக்குறைய இந்த அடிப்படையில்தான் இயங்குகிறது. ஒருவர் தமக்கு இயன்ற ஒலியைப் பதிவு செய்து அதை ஒரு வேலையோடு இணைத்துக்கொள்கிறார்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். குரல் கருவி வந்துவிட்டது என்று படத்தைத் தொட்டுப் பேசும் செயலிகளை ஒதுக்கிவிடாதீர்கள். சென்னையில் உருவான ஆவாஸ் தமிழிலும் கிடைக்கிறது. சளி பிடித்த நாளில், குரல் எழும்பாத நாளில், விரலால் ஒரு பெரிய படத்தைத் தொட்டாலே செய்தி போகும் வழி கையில் இருக்க வேண்டும்.

மறுமொழி 3: கானாடுகாத்தான் வாசகர்

தலையில் அடிபட்டதற்குப் பின் என் பேச்சும் இப்படித்தான் ஆனது. இதையும் ஒரே விரலால் தட்டித்தான் எழுதுகிறேன், ஆகையால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நம் பக்கத்து வளவு வீடுகளில் பதிவு செய்பவர்கள் எதிரொலியைக் கவனிக்க வேண்டும். ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, முட்டைவெள்ளை சேர்த்து மெழுகிய வழவழப்பான சுவர், அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் கூரை என்று எல்லாமே ஒலியைத் திருப்பியடிப்பவை. பட்டாலை என்னும் கூடத்தில் உட்கார்ந்து பேசினால், நான் ஒரு சொல்லை முடிக்கும் முன்பே அதன் முதல் அசை சுவரில் பட்டுத் திரும்பி வந்து அடுத்த அசைமேல் விழுகிறது. தெளிவான பேச்சையே அது குழப்பும். நம் போன்றோரின் மெதுவான பேச்சில் அசைகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். மெத்தையும் துணியும் அடுக்கிய சிறிய அறை நல்லது. கழுத்தில் தொங்கும் ஒலிவாங்கியைவிடக் காதில் மாட்டி வாயருகே வரும் வகை மேலானது. அதையும் வாய்க்கு நேர் எதிரே வைக்காமல் கன்னத்தின் ஓரமாக வைத்தால் மூச்சுக்காற்று அடிப்பதும் எச்சில் படுவதும் இராது.

ஆனால் பதிவுகள் அனைத்தையும் அமைதியான அறையிலேயே எடுத்துவிடாதீர்கள். ஆச்சி கருவியைப் பயன்படுத்தப்போவது எண்ணெய் காயும் இடத்தில். அந்தச் சத்தத்தோடும் சில பதிவுகள் இருந்தால்தான் அங்கே வேலை செய்யும்.

உறுதி செய்வதைக் குரலிடம் விடாதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கருவி தான் புரிந்துகொண்டதை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும்; ஆச்சி ஒரு பெரிய பொத்தானை உள்ளங்கையால் அழுத்தினால்தான் செய்தி போக வேண்டும். புளூடூத்தில் இணையும் பொத்தான்கள் கிடைக்கின்றன. இடையில் யாரும் வேண்டாம் என்ற அவர் விருப்பம் இதனால் காக்கப்படும், தவறான ஆர்டரும் போகாது. அவர் சொன்னதை அவரே சரிபார்க்கும் ஏற்பாடு இது. எனக்காக மற்றவர்கள் பேசி முடித்த வாக்கியங்களோடு நெடுங்காலம் வாழ்ந்தவன் என்ற முறையில், அந்தப் பொத்தான் யார் கையில் இருக்கிறது என்பதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

பள்ளத்தூர்த் தம்பி

மூவருக்கும் மிகுந்த நன்றி. ஆச்சிக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். "சரி, ரத்து" ஏற்பாட்டையும் பொத்தானையும் உடனே ஒப்புக்கொண்டார். தேன்குழலை ஒற்றை ஒலியால் சுட்டுவதை மட்டும் மறுத்துவிட்டார். பெயரைச் சொல்லித்தான் விற்பேன் என்கிறார். அவரிடமிருந்து இரண்டு கேள்விகள். எண்களை என்ன செய்வது? அறுபது, எழுபது, எண்பது மூன்றும் அவர் சொல்லும்போது "பது" மட்டுமே தெளிவாகக் கேட்கிறது. இரண்டாவது, தம் பதிவுகளைத் தமிழ் ஆய்வு செய்பவர்களுக்குக் கொடுத்தால் பிறருக்கு உதவுமா?

மறுமொழி 4: தேவகோட்டையான்

தம்பி, பெயரைச் சொல்லித்தான் விற்பேன் என்றால் தேன்குழலுக்குப் பதிவுகளைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள், வரும்.

எண்களை முழுப் பெயராகச் சொல்ல வேண்டாம், இலக்கம் இலக்கமாகச் சொல்லட்டும். அறுபதுக்கு "ஆறு, பூஜ்யம்". பட்டியலில் பத்து இலக்கங்கள் மட்டும் இருந்தால் குழப்பத்திற்கு இடம் குறைவு. அதிலும் ஏழும் எட்டும் மோதினால் பயிற்சியாளர் அம்மா சொன்னபடி ஒன்றுக்கு வேறு சொல் வைத்துக்கொள்ளலாம். பணத்தொகையை மட்டும் கருவி இரண்டு முறை படித்துக் காட்டும்படி அமையுங்கள். நெருங்கிய இரண்டு சொற்களுக்கு இடையே ஒப்பீட்டு மதிப்பு ஏறக்குறைய சமமாக வந்தால் கருவி ஊகிக்கக் கூடாது, "மறுபடி சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும். ஊகித்துச் சரியாகச் சொல்லும் கருவியைவிட, தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் கருவியைத்தான் தொழிலில் நம்ப முடியும்.

இரண்டாவது கேள்விக்கு, மிகவும் உதவும் என்பதே பதில். களவாக்கத்தில் உள்ள எஸ்எஸ்என் பொறியியல் கல்லூரியினர், முட்டுக்காட்டில் உள்ள பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனத்தின் துணையோடு தமிழில் ஒரு பதிவுத் தொகுப்பை உருவாக்கியிருக்கிறார்கள். மூளை முடக்குவாதத்தால் பேச்சு பாதிக்கப்பட்ட 20 பேர், தலைக்கு 365 சொற்களும் தொடர்களுமாகப் பேசியவை அதில் உள்ளன. அருமையான பணி அது. நானும் அதிலிருந்து நிறையக் கற்றுக்கொண்டேன். ஆனால் ஆங்கிலத்திற்கு யூஃபோனியாவின் 2021ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில் மட்டுமே 432 பேரின் குரல்கள் இருந்தன. அந்த ஆய்வில்தான், தனிப்பட்ட குரலுக்குப் பழக்கிய மென்பொருள் சிறு தொடர்களைப் பொறுத்தவரை மனிதக் கேட்பாளர்களையே விஞ்சியது. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகம் 2022இல் தொடங்கிய பேச்சு அணுகல் திட்டத்தில் அமேசான், ஆப்பிள், கூகுள், மெட்டா, மைக்ரோசாஃப்ட் ஆகிய ஐந்தும் சேர்ந்து நிற்கின்றன. அங்கே கருவி கேட்கிறது, இங்கே கேட்பதில்லை என்றால் அதற்குக் காரணம் நம் மொழியின் கடினம் அன்று. நம்மவர்களின் குரல்கள் திரட்டப்படாததே.

கொடுப்பதற்கு முன் சிலவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒப்புதல் ஆச்சியுடையது, அவர் சார்பில் தாங்கள் கையெழுத்திட வேண்டியதில்லை. பிற்காலத்தில் திரும்பப் பெறும் உரிமை உண்டா, குரலைப் போலியாக உருவாக்கப் பயன்படுத்த மாட்டோம் என்று எழுத்தில் தருகிறார்களா என்று கேளுங்கள். வாடிக்கையாளரின் பெயரோ தொலைபேசி எண்ணோ இருக்கும் பதிவுகளை விலக்கிவிடுங்கள். மூலப் பதிவுகளின் படி ஒன்று எப்போதும் வீட்டிலேயே இருக்கட்டும்; நாளை இதைவிடச் சிறந்த மென்பொருள் வந்தால், ஆச்சி மறுபடி முதலிலிருந்து பேச வேண்டிய தேவை இல்லாமல் அதே பதிவுகளைக் கொண்டு பழக்கிவிடலாம். ஒவ்வொரு கோப்புக்கும் சொல், தேதி, காலையா மாலையா, அறையா அடுப்படியா என்ற விவரத்தைப் பெயரிலேயே சேர்த்து வையுங்கள். முதல் இருபது சொற்களின் பதிவுகள் தயாரானதும், ஆச்சிக்கு விருப்பமிருந்தால், இங்கே தெரிவியுங்கள். ஒப்பிடும் நிரலை நான் எழுதித் தருகிறேன்.